கடிகாரம் சொல்லும் பாதி உண்மை

2025 செப்டம்பர் 21. ருவாண்டாவின் தலைநகர் கிகாலி. கல் பாவிய கிமிஹுருரா மேட்டில் ஸ்லோவேனிய வீரர் டடேய் பொகாச்சர் மிதித்து ஏறிக்கொண்டிருந்தார். அந்த ஜூலையில்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நான்காவது முறையாக வென்றிருந்தார். சைக்கிள் உலகில் அவர் முன்னால் போவார், மற்றவர்கள் துரத்துவார்கள். அன்று கதை மாறியது. அவருக்கு இரண்டரை நிமிடம் கழித்துப் புறப்பட்ட பெல்ஜிய வீரர் ரெம்கோ ஏவனபூல், பந்தயம் முடியச் சில கிலோமீட்டர்களே இருந்தபோது அவரைப் பிடித்து, தாண்டியும் போய்விட்டார்.

உலக சாம்பியன்ஷிப் டைம் டிரயல் அது. மேடும் பள்ளமுமான 40.6 கிலோமீட்டரை ஏவனபூல் 49 நிமிடம் 46 விநாடியில் கடந்தார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் ஜே வைன் 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கினார். மூன்றாவது இடம் ஏவனபூலின் சக நாட்டுக்காரர் இலான் வான் வில்டருக்கு. அவரைவிட ஒரு விநாடி சொச்சம் தாமதமாக வந்த பொகாச்சருக்கு நான்காவது இடம், பதக்கம் இல்லை. ஏவனபூலுக்கு இது தொடர்ந்து மூன்றாவது உலகப் பட்டம்.

இப்படி ஒரு காட்சியைப் பார்த்த பிறகு தீர்ப்பு சொல்லாமல் இருப்பது கஷ்டம். ஒருவர் இன்னொருவரைக் கண்ணெதிரே தாண்டிப் போகிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாட்சி வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஆட்டத்தின் விதி. சாதாரண சாலைப் பந்தயத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் சுகமாக வருவார். கூட்டணி, தந்திரம், துரோகம் எல்லாம் உண்டு. ஏறக்குறைய நம் அரசியல் மாதிரி. டைம் டிரயலில் அதெல்லாம் கிடையாது. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கிளம்ப வேண்டும். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. குறைந்த நேரத்தில் முடித்தவர் வென்றார். இதனால்தான் இதை 'உண்மையின் பந்தயம்' என்கிறார்கள்.

பெயர் பொருத்தமானதுதான். ஆனால் எதைப் பற்றிய உண்மை?

இரண்டு மாதம் பின்னால் போவோம். ஜூலை 18, பிரான்சின் பிரனீஸ் மலை. டூர் டி பிரான்ஸின் 13ஆம் நாள். பெய்ராகுட் மலையின் மேல் முடியும் 10.9 கிலோமீட்டர் டைம் டிரயல். அதே பொகாச்சர், அதே ஏவனபூல். பொகாச்சர் 23 நிமிடத்தில் ஏறி முதலிடம் பெற்றார். ஏவனபூல் 2 நிமிடம் 39 விநாடி பின்தங்கி 12ஆவது இடத்துக்குப் போனார். அதைவிட அவமானம், அவருக்கு இரண்டு நிமிடம் கழித்துக் கிளம்பிய டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் அவரைத் தாண்டினார். மறுநாள் டூர்மலே மலையில் ஏவனபூல் பந்தயத்தை விட்டே விலகிவிட்டார்.

ஆக, ஜூலையில் தாண்டப்பட்டவர் செப்டம்பரில் தாண்டினார். இரண்டையும் சொன்னது ஒரே கடிகாரம். எது உண்மை?

இன்னும் ஒரு சங்கடம். அதே டூரில், ஜூலை 9 அன்று, கான் நகரைச் சுற்றி 33 கிலோமீட்டர் சமதள டைம் டிரயல் நடந்தது. அதில் வென்றவர் ஏவனபூல். பொகாச்சர் 16 விநாடி பின்னால் இரண்டாவது. ஒன்பது நாளில் மனிதர்கள் மாறிவிடவில்லை. மாறியது பெரும்பாலும் சாலை.

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த எவருக்கும் இதன் பௌதிகம் முழங்காலில் தெரியும். சமதளத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் தன் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கைக் காற்றைத் தள்ளவே செலவிடுகிறார். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமானால், காற்றுக்கான சக்தியை 33 சதவீதம் கூட்ட வேண்டும். அங்கே உடல் எடை அவ்வளவு பெரிய விஷயமில்லை. எவ்வளவு சக்தி, காற்றுக்கு எவ்வளவு சிறிய முகம் என்ற இரண்டும்தான் கணக்கு. செங்குத்தான மலையில் வேகம் பாதியாகிறது, காற்று பின்வாங்குகிறது, புவியீர்ப்பு முன்னால் வந்து நிற்கிறது. அங்கே ஒவ்வொரு கிலோ எடைக்கும் எத்தனை வாட் என்பதே கேள்வி.

ஏவனபூல் 1.71 மீட்டர் உயரம், அறுபது கிலோவுக்குச் சற்று மேல். சைக்கிள் மீது முட்டைபோலச் சுருங்கி உட்கார்ந்துவிடுவார். காற்றுக்குப் பிடிக்க இடமே இருக்காது. இத்தாலியின் பிலிப்போ கன்னா 1.93 மீட்டர் உயரம், எண்பது கிலோவைத் தாண்டிய ஆகிருதி. 2020லும் 2021லும் உலக சாம்பியன். 2022ல் மூடிய தடத்தில் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தவர். சுத்தமான சக்தியில் ஏவனபூலைவிடப் பெரிய எஞ்சின். ஆனால் பெரிய எஞ்சின் பெரிய வண்டியில் இருக்கிறது.

இந்த இருவரின் கணக்கைப் பாருங்கள். 2023ல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங்கில் ஏவனபூல் கன்னாவை வென்றது 12 விநாடியில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 15 விநாடியில். அதே ஆண்டு ஸூரிக் உலக சாம்பியன்ஷிப்பில் வெறும் ஆறு விநாடி சொச்சத்தில். அதுவும் கிளம்புகிற நேரத்தில் ஏவனபூலின் செயின் கழன்று, பதற்றத்துடன் மாட்டிக்கொண்டு புறப்பட்ட பந்தயம். ஐம்பத்து மூன்று நிமிட ஓட்டத்தில் ஆறு விநாடி என்பது ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டதா இல்லையா என்கிற வித்தியாசம்.

அடுத்த ஆண்டு கிகாலியில் இடைவெளி 75 விநாடி. அப்படியானால் ஏவனபூல் ஒரே வருடத்தில் பன்னிரண்டு மடங்கு தேறிவிட்டாரா? இல்லை. கிகாலிக்குக் கன்னா வரவில்லை. சாலையும் அவருக்கு ஏற்றதல்ல, மேடு அதிகம். வெற்றியின் அகலத்தை அளக்கும்போது, எதிரே நின்றவர் யார், நிற்காதவர் யார் என்று கேட்காமல் விட்டால் கணக்கு தப்பும்.

கருவியும் கணக்கில் சேரும். 1989 டூரின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் டிரயல். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டும் புது மாதிரி கைப்பிடியைப் பொருத்திக்கொண்டு வந்தார். பிரெஞ்சு வீரர் லாரன் ஃபீன்யோன் பழைய மாதிரிக் கைப்பிடியுடன், ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். லெமாண்ட் 58 விநாடி மிச்சம்பிடித்து எட்டு விநாடியில் டூரையே வென்றார். ஃபீன்யோனுக்கு இருக்கையில் உட்கார முடியாத புண் வேறு. அன்று உயர்ந்தது லெமாண்டின் காலா, கைப்பிடியா, ஃபீன்யோனின் புண்ணா? மூன்றையும் பிரித்துச் சொல்ல எந்தக் கடிகாரத்தாலும் முடியாது.

உடம்பின் கதையும் உண்டு. 2024 டிசம்பரில் பயிற்சியின்போது ஒரு வண்டியின் கதவில் மோதி ஏவனபூலுக்குத் தோள்பட்டை, விலா, கை எலும்புகள் முறிந்தன. அந்தக் குளிர்காலப் பயிற்சி போயிற்று. பெய்ராகுட்டில் அவர் ஏறியது பன்னிரண்டு நாள் பந்தயம் ஓடிய கால்களோடு. கிகாலிக்கு வந்தது ஒரே ஒரு மணி நேரத்துக்காகத் தயாரான கால்களோடு. பொகாச்சருக்கோ அது நீண்ட பருவத்தின் இறுதி வாரங்கள்.

இனி மிச்சக் கதை. கிகாலி டைம் டிரயல் நடந்த அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 28, அதே நகரில் சாலைப் பந்தயம். 267.5 கிலோமீட்டர், மேட்டுக்கு மேல் மேடு. முடிய நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே பொகாச்சர் தாக்கினார். கடைசி 66 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக ஓட்டி வென்றார். 1 நிமிடம் 28 விநாடி பின்னால் இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? ஏவனபூல்.

யோசித்துப் பாருங்கள். 40 கிலோமீட்டர் தனியாக ஓட்டித் தோற்றவர், ஏழு நாள் கழித்து 66 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜெயிக்கிறார். கிட்டத்தட்ட அதுவும் ஒரு டைம் டிரயல்தான். ஆனால் குனிந்து படுக்கும் கைப்பிடி இல்லாத சாதாரணப் பந்தய சைக்கிள், இருநூறு கிலோமீட்டர் களைப்புக்குப் பிறகான ஓட்டம். அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு. 'அப்படியானால் பொகாச்சர்தான் பெரியவர்' என்று இப்போது தீர்ப்பை மாற்றி எழுத வேண்டாம். அன்று ஏவனபூல் வழியில் சைக்கிள் மாற்ற வேண்டி வந்தது. அதில் போன நேரமும் அந்த 1 நிமிடம் 28 விநாடிக்குள்தான் இருக்கிறது.

ஒப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. ஒப்பிடாவிட்டால் விளையாட்டில் என்ன ருசி? என் கணக்கு இது: சமதளத்திலும் மிதமான மேட்டிலும் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு இந்தத் தலைமுறையில் ஏவனபூலுக்கு நிகரில்லை, ஒலிம்பிக் தங்கமும் மூன்று உலகப் பட்டங்களும் சேர்ந்து சொல்வதை ஒரு பெய்ராகுட் அழிக்காது. தட்டையான சாலை கிடைத்தால் கன்னா அவருக்கு விநாடிக் கணக்கில் அருகில் நிற்பார். சாலை செங்குத்தாகிவிட்டால் பொகாச்சரும் விங்கெகோரும் வேறு வகுப்பு.

ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண், ஒரே ரேங்க் என்று ஆளை அளந்து பழகிய நாடு நம்முடையது. ஆகவே அந்தக் கல் மேட்டுக் காட்சி நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. புரிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் ஆபத்து. கடிகாரம் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. கேள்வி என்ன என்று பார்க்காமல் பதிலை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நாம்தான்.