கப்பலில் வந்த சமையல்



இந்தப் பகுதியில் இதுவரை ரயில்வே பாஸ் செல்லுகின்ற ஊர்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். பூரியானாலும் காசியானாலும் எந்த வண்டியில் போவது, எங்கே இறங்குவது, எங்கே நல்ல ஆகாரம் கிடைக்கும் என்பதை நேரில் கண்டோ, கண்டவரைக் கேட்டோ சொல்லிவிட முடிந்தது. இம்மாதம் எந்தப் பாஸும் செல்லாத ஒரு தேசத்தைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. அது தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா. அதற்குக் காரணம் எங்கள் நாகபுரிக் குடியிருப்பில் மூன்றாம் வீட்டில் வசிக்கும் ஓர் அம்மாள்.

நான் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டிலும் ஒரு கொக்கித் தராசு வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அக்காள் ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, "தம்பி, இதை நிறுத்துச் சொல்" என்றார். விமானக் கம்பெனி அனுமதித்த எடை 23 கிலோ. தராசு 31 காட்டியது. திறந்து பார்த்தால் துணிமணி பாதி, பொடி வகைகள் பாதி! அவருடைய மகனைக் கம்பெனியார் ஓராண்டு வேலைக்குப் புவெனஸ் ஐரிஸ் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். பிள்ளை பிறந்தது முதல் சைவ உணவு.

"அந்த ஊரில் மாட்டிறைச்சியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாதாமே! பிள்ளை என்ன சாப்பிடுவான்? எலும்பும் தோலுமாய்த் திரும்பி வருவானே, தம்பி!" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு நாள் அவகாசம் கொடுங்கள், அக்கா. விசாரித்துச் சொல்லுகிறேன்" என்றேன். கிடைத்தவற்றைப் படித்தேன். அந்த நகரத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய நம் அன்பர் ஒருவரிடம் தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். அவ்வாறு அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

ரயில்வே ஊழியனுக்கு முதலில் கண்ணில் படுவது தண்டவாளம்தான். நம் அகலப் பாதையின் அளவு 5 அடி 6 அங்குலம் அல்லவா? அர்ஜென்டினாவின் அகலப் பாதையும் அதே அளவு. அங்கே முதல் ரயில் ஓடியது 1857இல். சென்னையில் முதல் ரயில் ஓடியதற்கு மறு ஆண்டு. தண்டவாளம் ஒத்துப்போகின்ற தேசத்தில் சாப்பாடு மட்டும் அடியோடு ஒத்துப்போகாமலா இருக்கும் என்று ஒரு தைரியம் எனக்கு உண்டாயிற்று.

அந்த நாடு வந்தேறிகளின் நாடு. 1914ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அங்கு வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய 100க்கு 30 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெரும்பாலோர் இத்தாலியரும் ஸ்பானியரும். கப்பலில் வந்து இறங்குகிற ஏழைகளுக்காகப் புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தருகே அரசாங்கமே ஒரு பெரிய விடுதி கட்டி 1911இல் திறந்தது. ஐந்து நாட்கள் இடமும் சாப்பாடும் இலவசம். இப்பொழுது அது ஒரு பொருட்காட்சிசாலை. அங்கே வந்து தங்கியவர்கள் மூட்டையில் கொண்டு வந்தது கொஞ்சம். கைப்பழக்கத்தில் கொண்டு வந்த சமையல்தான் அதிகம். இன்று அர்ஜென்டினாவின் உணவு என்று உலகம் சொல்லுவதில் பெரும் பகுதி அவ்வாறு கப்பலில் வந்தது.

துறைமுகத்தை ஒட்டிய லா போகா என்னும் பகுதியில் இத்தாலியின் ஜெனோவா நகரத்து மக்கள் குடியேறினார்கள். அவர்கள் கொண்டு வந்த பண்டம் ஃபைனா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றைக் கரைத்து அகன்ற தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைத்து, மிளகுத் தூள் தூவித் துண்டு போடுவார்கள். நாம் பஜ்ஜிக்குக் கரைக்கும் அதே கடலை மாவுதான்! இதைத் தனியாகவும் தின்னலாம். பிட்சாத் துண்டின்மேல் வைத்தும் தின்னலாம். அப்படி வைத்துத் தின்பதைக் 'குதிரைமேல் ஏறியது' என்று அவர்கள் சொல்லுகிறார்கள். அங்குள்ள பிட்சா தடித்தது. பாலாடைக்கட்டி வழிய இருக்கும். வெங்காயத்தை நிறையப் பரப்பிச் செய்வது ஃபுகாசா. அதிலேயே பாலாடைக்கட்டியைச் சேர்த்தால் ஃபுகாசேத்தா. பிட்சாக் கடைகளில் நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் ஏராளம். சைவர்களுக்கு இவை அன்றாடம் கைகொடுக்கும்.

மாமிசம் உண்ணும் அன்பர்களுக்கோ அது பெரிய விருந்து நாடு. விறகுத் தணலில் உப்பு மட்டும் இட்டு மணிக்கணக்கில் பொறுமையாகச் சுடுகின்ற மாட்டிறைச்சிக்கு அசாதோ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் முழுவதும் கூடி உண்ணும். சுட்டவருக்கு எல்லோரும் கைதட்டிப் பாராட்டுவது வழக்கம். நம் வீடுகளில் சமைத்தவருக்கு என்றாவது கைதட்டியிருக்கிறோமா? தெருவண்டிகளில் கிடைப்பது சோரிபான்: மசாலா சேர்த்து அடைத்த இறைச்சிக் குழலைச் சுட்டு, பிளந்து, ரொட்டிக்குள் வைத்து, பூண்டும் கொத்துமல்லி போன்ற ஒரு தழையும் காடியும் சேர்ந்த சிமிச்சூரி என்னும் சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள்.

எம்பனாதா என்பது நம் சோமாசியின் உருவத்தில் இருக்கும், ஸ்பெயினிலிருந்து வந்தது. சால்தா மாகாணத்தார் உள்ளே உருளைக்கிழங்கு போடுவார்கள். துகுமான் மாகாணத்தார் போடக் கூடாது என்பார்கள். சாம்பாரில் வெல்லம் போடுவதைப் பற்றி நம் சங்கத்தில் நடக்கின்ற வாதத்துக்கு இது சற்றும் இளைத்ததல்ல. உள்ளே வைத்திருப்பதற்குத் தக்கபடி விளிம்பை வெவ்வேறு விதமாக மடிப்பதும் உண்டு. வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்தது, கீரை வைத்தது, மக்காச்சோளம் வைத்தது என்று சைவ வகைகளும் உள்ளன.

கப்பல்கள் வருமுன்பே அம்மண்ணில் இருந்த உணவுகளையும் மறந்துவிடலாகாது. வடமேற்கு மலைப் பகுதிகளில் இளம் மக்காச்சோளத்தை அரைத்து, சோளக் கதிரின் மடலிலேயே பொதிந்து வேகவைப்பது உமிதா. வெள்ளை மக்காச்சோளம், பூசணி, இறைச்சி ஆகியவற்றைப் பெரிய பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்க வைப்பது லோக்ரோ. மே மாதம் 25ஆம் தேதி, 1810ஆம் ஆண்டுப் புரட்சியை நினைத்து நாடெங்கும் லோக்ரோ சமைக்கிறார்கள். வந்தேறிகளின் பேரப்பிள்ளைகளும் அன்று அந்த மண்ணின் கஞ்சியைத்தான் குடிக்கிறார்கள்.

தெற்கே சுபுத் என்னும் வறண்ட பிரதேசத்தில் 1865இல் வேல்ஸ் நாட்டார் சுமார் 150 பேர் வந்து குடியேறினார்கள். அவர்களிடையே, கையில் கிடைத்த உலர்ந்த பழமும் கருஞ்சர்க்கரையும் கொண்டு, நெடுநாள் கெடாத ஒரு கரிய கேக் உண்டாயிற்று. வேல்ஸ் கேக் என்றே அதற்குப் பெயர். ஆனால் அது பிறந்தது வேல்ஸில் அன்று, அர்ஜென்டினாவில்! கல்யாணத்தில் செய்த கேக்கில் ஒரு பகுதியைப் பத்திரப்படுத்தி, ஆண்டு நிறைவில் தம்பதிகள் உண்பதும் உண்டு.

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். அங்கே 'கார்னே' என்றால் இறைச்சி. பேச்சு வழக்கில் மாட்டிறைச்சியையே குறிக்கும். 'கார்னே வேண்டாம்' என்று சொன்னால் கோழியோ பன்றித் துண்டோ தட்டில் வரக்கூடும். ஆகையால் கோழி, மீன், பன்றி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். காலைச் சிற்றுண்டிக்கான பிறைவடிவ ரொட்டியில் இரண்டு வகை. 'மந்தேகா' என்றால் வெண்ணெய். 'கிராசா' என்றால் கொழுப்பு. இந்த இரண்டு சொற்களை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுதல் நலம். மழை நாட்களில் விரும்பித் தின்னும் பொரித்த ரொட்டியையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம்; கேட்டு வாங்க வேண்டும். பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய துல்செ தெ லெச்சே என்னும் இனிப்பை நம் குழந்தைகள் திரட்டுப்பாலின் தம்பி என்றே சொல்லிவிடும். இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்குத்தான். புறப்படுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விதை, பச்சைக் காய்கனி, பால் பண்டம் முதலியவற்றை அந்நாட்டுக்குள் கொண்டு செல்லக் கட்டுப்பாடு உண்டு. விதிகளைப் பார்த்தபின் பெட்டியைக் கட்டுவது நல்லது.

இனி, அக்காளை மிகவும் திடுக்கிடச் செய்த செய்தி. மாத்தே என்பது ஒருவகை இலையில் ஊறும் பானம். குவாரனி என்னும் ஆதிகுடிகளிடமிருந்து வந்த வழக்கம். சிறு சுரைக் குடுவையில் இலையை இட்டு வெந்நீர் ஊற்றி, ஒரே உலோகக் குழாயால் ஒருவர் உறிஞ்சிக் குடித்துத் திருப்பிக் கொடுக்க, மீண்டும் ஊற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அலுவலகத்திலும் பூங்காவிலும் எப்போதும் இது நடக்கும்.

"எச்சில் அல்லவா, தம்பி!" என்றார் அக்காள்.

எச்சில்தான். அவர்களுக்கு அதுவே சிநேகத்தின் அடையாளம். ஆனால் 2020இல் தொற்றுநோய் வந்தபோது, குழாயைப் பகிர வேண்டாம் என்று அங்கேயும் சொன்னார்கள்; தனித்தனியே குடித்தார்கள். அதே இலையைத் தேயிலைபோலச் சிறு பையில் கட்டித் தனிக் கோப்பையில் குடிக்கும் முறையும் உண்டு. அதற்கு மாத்தே கொசீதோ என்று பெயர். பிள்ளை புன்னகையோடு தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர்கள் வட்டத்திலேயே உட்காரலாம். வட்டத்தை விட்டு எழுந்து போவதுதான் தவறு. இன்னொரு நுட்பம்: குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'கிராசியாஸ்', அதாவது நன்றி, என்று சொன்னால் 'போதும்' என்று பொருள். நல்ல பிள்ளையாக ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னால் இரண்டாம் முறை கிடைக்காது!

எனக்கு மிகவும் பிடித்தது ஞோக்கி. உருளைக்கிழங்கும் மாவும் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, வெந்நீரில் வேகவைத்துக் குழம்பு ஊற்றி உண்பது. இத்தாலியர் கொண்டு வந்தது. இதை மாதந்தோறும் 29ஆம் தேதி உண்கிறார்கள். சம்பளம் தீர்ந்துபோன மாதக் கடைசியில், வீட்டில் மிஞ்சியிருப்பது கிழங்கும் மாவும்தானே என்று ஒரு காரணம் சொல்லுகிறார்கள். வருகிற மாதம் செழிப்பாக இருக்கவேண்டுமென்று தட்டின் கீழ் ஒரு பணநோட்டை வைப்பார்கள். இல்லாமையையே ஒரு பண்டிகையாக மாற்றிக்கொண்ட அந்தக் குடும்பங்களை எண்ணும்போது, மாதம் 25ஆம் தேதிக்குமேல் பர்சைத் திறக்க அஞ்சும் என் போன்ற குமாஸ்தாவுக்கு ஒரு ஆறுதல் உண்டாகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேலைக்கே வராமல் மாதக் கடைசியில் சம்பளம் வாங்க மட்டும் தலைகாட்டுகிற அரசாங்க ஊழியருக்கும் அங்கே 'ஞோக்கி' என்றே பட்டப்பெயர்! நான் தினமும் கையெழுத்திடுகிறவன் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

இவ்வளவையும் அக்காளிடம் சொன்ன பிறகு, எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சொன்னேன். என் தாயார் நாகபுரிக்கு வந்த புதிதில், அடுத்த வீட்டு மராத்தி அம்மாள் அன்போடு கொண்டு வந்த ஜுண்காவையும் சோள ரொட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார், ஆனால் உண்ணமாட்டார். மறைவாகப் பசுவுக்குப் போட்டுவிடுவார். ஜுண்கா என்பதும் கடலை மாவில் கிண்டுவதுதான். ஒரு மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்பா வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். நானும் தங்கையும் சிறு பிள்ளைகள். பதினோரு நாட்கள் எங்களுக்கு அந்த வீட்டு ஜுண்காவும் ரொட்டியும்தான் சாப்பாடு. பன்னிரண்டாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து முதன்முதலாக உண்டதும் அதுவே. "இத்தனை நாளும் அந்தப் புண்ணியவதியின் கையைப் பசுவுக்குக் காட்டினேனே" என்று அம்மா அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் ஜுண்காவுக்குக் கறிவேப்பிலை தாளிக்கிறோம்; அவர்கள் வீட்டில் ஞாயிறுதோறும் சாம்பார் கொதிக்கிறது. தங்கள் வழக்கத்தை விடாமலே பிறர் திண்ணையில் உட்காரவும் முடியும் என்பதை நாங்கள் அப்படிக் கற்றோம்.

அக்காள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பெட்டி மீண்டும் வந்தது. தராசு 22½ காட்டியது. பருப்புப் பொடியும் பெருங்காயமும் மட்டும் தங்கியிருந்தன.

பிள்ளை போய்ச் சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. சென்ற 29ஆம் தேதி உடன் வேலை பார்ப்பவர் வீட்டில் ஞோக்கி சாப்பிட்டானாம். தட்டின் கீழ் நம் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்தானாம். கையோடு கொண்டுபோன பருப்புப் பொடியை அவர்கள் ஃபைனாவின்மேல் தூவித் தின்று, இன்னும் கேட்டார்களாம். "பொடி தீர்ந்துவிடுமே என்று கவலையாய் இருக்கிறது, தம்பி" என்று அக்காள் சொன்னபோது, அந்த முகத்தில் கவலை இல்லை.

நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வருகிற 29ஆம் தேதி மாலை, அக்கம்பக்கத்தாரிடம் நாம் கற்ற பண்டம் ஒன்றை வீட்டுக்கு ஒன்றாகச் சமைத்துக்கொண்டு சங்கத்தில் கூடுவோம். கற்றுக்கொடுத்தவர்களையும் அழைத்து வருவோம். சமைத்தவர்களுக்கு மறவாமல் கைதட்டுவோம். அடுத்த மாதம் வழக்கம்போல் பாஸ் செல்லுகின்ற ஊருக்கே போகலாம்.