வெளிச்சம் தெரியாத அறை

குதிரைகளின் நாட்டில் ஒரு பெண் குதிரை, தன்னை அழைத்திருந்த வீட்டுக்குத் தாமதமாக வருகிறது. அன்று காலையில்தான் கணவன் இறந்திருக்கிறான். உடலை எங்கே கிடத்துவது என்று வேலைக்காரர்களோடு பேசி முடிக்க நேரமாகிவிட்டதாம். காரணத்தைச் சொல்லிவிட்டு, மற்றவர்களைப் போலவே கலகலப்பாக இருக்கிறது.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' நூலின் நான்காம் பாகத்தில் இந்தக் காட்சி சில வரிகளில் கடந்துபோகிறது. பள்ளி நாட்களில் நம் கைக்கு வந்த குள்ளர் தேசத்துக் கதையில் இதற்கு இடமில்லை.

ஹுய்னம்கள் எனப்படும் அந்தக் குதிரைகள் பகுத்தறிவே வடிவானவை. பொய்க்கு அவற்றின் மொழியில் சொல்லே கிடையாது. காதலித்து மணப்பதில்லை, நிறம் பார்த்து, இனம் கெடாதபடி ஜோடி சேர்க்கின்றன. தன் குட்டி என்ற தனிப் பாசமும் இல்லை. அதே மண்ணில் யாஹூக்களும் திரிகின்றன. மனித உருவம்தான்; ஆனால் மினுங்கும் கற்களுக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறும். அறிவு குதிரைக்கு, வெறி மனிதனுக்கு என்று அங்கே வந்து சேரும் கலிவர் முடிவுகட்டிவிடுகிறான். அதையே ஸ்விஃப்டின் முடிவாகவும் எடுத்துக்கொண்டு, அவரை மனித குலத்தையே வெறுத்தவர் என்று சொன்னவர்கள் பலர்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை கூடும் குதிரைகளின் மகாசபையில் நடக்கும் விவாதத்தைப் பாருங்கள்: யாஹூக்களைப் பூண்டோடு அழித்துவிடலாமா? யாரும் குரலை உயர்த்துவதில்லை, யாருக்கும் கோபமில்லை. கலிவரின் எஜமானக் குதிரை, மனிதர்கள் குதிரைகளுக்குக் காயடிப்பதைக் கலிவரிடமே கேட்டறிந்து, அதையே யாஹூக்களுக்கும் செய்யலாம் என்று நிதானமாக யோசனை சொல்கிறது. அங்கிருந்து வெளியேற்றப்படும் கலிவர், யாஹூ தோலால் படகு கட்டுகிறான். பாய்க்கு இளசான யாஹூக்களின் தோல், இடுக்குகளை அடைக்க யாஹூ கொழுப்பு. தச்சன் கணக்குச் சொல்வதுபோல இதையெல்லாம் சொல்லிக்கொண்டுபோகிறான். பிறகு பெத்ரோ என்ற போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் அன்பாக நடத்தும்போது, அந்த மனித வாடையை அவனால் தாங்க முடியவில்லை. வீடு திரும்பியதும் மனைவி கட்டியணைத்து முத்தமிடுகிறாள், மூர்ச்சையாகி விழுகிறான். பின்னர் தினமும் நான்கு மணி நேரம் லாயத்தில் குதிரைகளோடு பேசிக்கொண்டிருக்கிறான். உணர்ச்சியைக் கழித்துவிட்ட அறிவு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இதைவிடத் தெளிவாக எழுதியவரை நான் படித்ததில்லை.

அதே நிதானக் குரலை 1729இல் ஸ்விஃப்ட் மறுபடியும் எடுத்தார். 'ஓர் எளிய யோசனை' என்ற அந்தச் சிறு நூலில் பேசுபவன் அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைக் கணக்கெடுக்கிறான். மொத்தம் 1,20,000. இனப்பெருக்கத்துக்கு 20,000 போக, மீதி 1,00,000 குழந்தைகளை ஒரு வயதில் இறைச்சிக்கு விற்கலாம். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. வாசிக்கிறவனுக்கு வயிறு எரிகிறது. பட்டினியைக் கண்ணெதிரே பார்த்தவரின் கோபம்தான் அந்தக் கணக்கை இவ்வளவு துல்லியமாகப் போட வைத்தது.

எஸ்தர் ஜான்சனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுமியாக இருந்த நாளிலிருந்து ஸ்விஃப்டுக்குத் தெரிந்தவர். ஸ்டெல்லா என்பது ஸ்விஃப்ட் அவருக்கு வைத்த பெயர். 1728 ஜனவரி 28ஆம் தேதி ஸ்டெல்லா இறந்தார். அன்றிரவு, வந்திருந்த விருந்தினர்கள் போன பிறகு, ஸ்விஃப்ட் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தார். 30ஆம் தேதி இரவு அடக்கம். உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே இருந்தவர், தேவாலயத்து வெளிச்சம் கண்ணில் படக் கூடாதென்று படுக்கையறையை விட்டு வேறு அறைக்குப் போய்விட்டதாக அதே குறிப்பில் எழுதியிருக்கிறார். அழைத்திருந்த வீட்டுக்குத் தாமதமாக வந்த அந்தப் பெண் குதிரையைப் படைத்தவர் இவர்தான். அதனிடம் எது இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்விஃப்டை இப்போது நினைக்கக் காரணம் உண்டு. அங்கதம் என்ற பெயரில் எங்கள் இதழுக்கு வரும் கதைகள் பலவற்றில் கேலி இருக்கிறது. கேலிக்கு ஆளாகும் மனிதன் மீது துளி வருத்தமும் இல்லை. அவற்றைத் திருப்பி அனுப்பும்போது மனம் கனக்கிறது. அடுத்த இதழுக்கு எழுத உட்காரும் நண்பர்கள், அதற்குமுன் கலிவரை ஒருமுறை படித்துவிடுங்கள். குள்ளர் தேசத்தோடு முடிந்துபோகும் சுருக்கப் பதிப்பு போதாது. நான்காம் பாகம் வரை முழுநூலையும் படியுங்கள்.