வீரவணக்கத்தால் உலை கொதிக்காது

2022 ஜூன் 14 அன்று ஒன்றிய அரசு ‘அக்னிபத்’ திட்டத்தை அறிவித்தது. அதைப் பற்றிய ஆவணங்களைத் தமிழாக்க அமர்ந்தபோது ‘சேவா நிதி’ என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. சேவைக்காக அரசு வழங்கும் நிதி என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நான்காண்டு முடிவில் ஓர் அக்னிவீரர் கையில் கிடைப்பது ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய். அதில் 5.02 லட்சம் அவருடைய சொந்தச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 30 விழுக்காடு பிடித்துச் சேர்த்த பணம். அரசு தன் பங்காகப் போடுவது இன்னொரு 5.02 லட்சம். எஞ்சியது வட்டி. ஆக, பாதிப் பணம் அந்த இளைஞருடையது. பெயரும் பெருமையும் மட்டும் அரசுடையவை.

இந்த ஒரு சொல்லில் இருக்கும் ஏமாற்று, எல்லைக்கு அனுப்பப்படும் வீரர்களின் குடும்பங்கள்பால் இன்றைய ஆட்சி கைக்கொள்ளும் கொள்கை முழுவதிலும் ஓடுகிறது. அக்குடும்பங்களுக்குச் சட்டப்படி உரிமையாக இருந்தவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. அந்த இடத்தில் புகழுரையும் ஒருமுறைத் தொகையும் நன்கொடை உண்டியலும் வைக்கப்படுகின்றன. இதனை அம்பலப்படுத்துவதும், வீரர் குடும்பங்களின் உரிமைக்காகக் குரல் கொடுப்பதும் இடதுசாரி இயக்கத்தின் கடமை.

ஒரே பதுங்குகுழி, இருவேறு குடும்பங்கள்

முறையான பணியில் உள்ள வீரர் போர் நடவடிக்கையில் உயிரிழந்தால், அவருடைய மனைவிக்குக் கடைசியாகப் பெற்ற ஊதியத்துக்கு நிகரான தாராளமயக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கிறது. திருமணமாகாதவர் எனில், பெற்றோருக்கு ஓய்வூதியம் உண்டு. விலைவாசி உயரும்போது அகவிலை நிவாரணம் அதனுடன் சேரும். ஊதியக் குழு அமையும்போது தொகை திருத்தப்படும். காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் இதற்கு மேல் தனியாகத் தரப்படுபவை.

அதே பதுங்குகுழியில் அவருக்கு அருகே நின்ற அக்னிவீரர் அதே குண்டுக்குப் பலியானால் அவர் குடும்பத்துக்கு 48 லட்சம் ரூபாய் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, நான்காண்டில் எஞ்சிய காலத்துக்கான சம்பளம், சேவா நிதி ஆகியவை தரப்படும். ஓய்வூதியம் இல்லை. உயிர் பிழைத்து உறுப்பிழந்து திரும்பினாலும் இதே கதைதான். முறையான வீரருக்கு வாழ்நாள் முழுதும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. அக்னிவீரருக்கோ ஊனத்தின் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம் ரூபாய் ஒரே தவணையாக அளித்துக் கணக்கு முடிக்கப்படுகிறது.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. 2023 அக்டோபரில் சியாச்சின் பனிமலையில் ஓர் அக்னிவீரர் உயிர்நீத்தார். 2024 ஜனவரியில் ஜம்மு-காஷ்மீரில் கண்ணிவெடிக்கு இன்னொருவர் பலியானார். 2025 மே மாத மோதலில் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த அக்னிவீரர் ஒருவர் எல்லையில் வீழ்ந்தார். இவ்வாறு உயிரிழந்த மகனுக்காக ஒரு தாய் இன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருக்கிறார். அவர் கேட்பது இரக்கம் அன்று, சமத்துவம்.

2024 ஜூலையில் மக்களவையில் இப்பிரச்சினை எழுந்தபோது, ஒரு கோடி ரூபாய் வழங்கப்படுகிறதே என்று பாதுகாப்பு அமைச்சர் பதிலளித்தார். ஒரு கோடி சிறிய தொகை அன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கேள்வி தொகையைப் பற்றியது அன்று. இளம் வயதிலேயே படையில் சேர்பவரின் பெற்றோர் பெரும்பாலும் நடுவயதினர். அவர்களுக்கு முன்னால் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுக்கால வாழ்க்கை இருக்கிறது. வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து விழும் பணத்துக்கு அகவிலை நிவாரணம் கிடையாது. ஊதியக் குழு கிடையாது. பழைய கடன்காரர் வருவார். பங்கு கேட்கும் உறவினர் வருவார். இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லும் நிதி நிறுவன முகவர் வருவார். மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தை இவர்களில் எவரும் ஒரே நாளில் பறித்துச் செல்ல இயலாது. முதுமையில் ஒரு தாய் யாரிடமும் கையேந்தாமல் மருந்து வாங்குவதற்கான உத்தரவாதம் அது.

அக்னிவீரர்களின் குடும்பங்களுக்கு இந்த உத்தரவாதத்தை வழங்க வேண்டும் என்று நாம் மட்டும் சொல்லவில்லை. பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்தவரே தலைமை வகித்த, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. தன் கட்சியினர் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைக்கே செவிசாய்க்காத அரசு இது.

‘சுமை’ எது?

ஓய்வூதியச் சுமை தாங்க முடியவில்லை என்கிறார்கள் அரசின் வழக்குரைஞர்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஓய்வூதியத்துக்கு ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி போகிறது என்று சுட்டிக்காட்டுகிறார்கள். பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்களுக்கான ஓய்வூதியமும் இதில் அடங்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

2019 செப்டம்பர் 20 அன்று இதே அரசு நிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் கருவூலத்துக்கு ஆண்டுதோறும் 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அறிவித்தவர் நிதியமைச்சரே. முன்னாள் படைவீரர்கள், அவர்களின் மனைவியர், பெற்றோர் ஆகிய பல லட்சம் குடும்பங்களுக்கு ஓராண்டில் வழங்கப்படும் தொகைக்கு ஏறக்குறைய நிகரான பணம், ஒரே அறிவிப்பில் பெருமுதலாளிகளுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. அதனை எவரும் சுமை என்று அழைக்கவில்லை; வளர்ச்சிக்கான ஊக்கம் என்றே அழைத்தார்கள். சுமை என்ற சொல் உழைப்பவரின் முதுமைக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

உண்டியல் அரசு

2017 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் ‘பாரத் கே வீர்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உயிரிழந்த துணை ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்குப் பொதுமக்கள் நேரடியாக நன்கொடை செலுத்தலாம். 2022 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் ‘மா பாரதி கே சபூத்’ என்ற இன்னொரு தளத்தைத் தொடங்கியது. இரண்டுக்கும் விளம்பரம் தேடித்தர இந்தித் திரையுலகின் முன்னணி நடிகர்கள் முன்வந்தார்கள்.

மக்கள் மனமுவந்து தருவதை நாம் குறைகூறவில்லை. ஆனால் வீரரைப் பனிமலைக்கு அனுப்பியது திரைப்பட நடிகர் அன்று, அரசு. அனுப்பிய அரசே குடும்பத்தைக் காக்கும் பொறுப்பை உண்டியலிடம் பகிர்ந்துகொள்வது வெட்கக்கேடு. உரிமை என்பதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம். நன்கொடையை அவ்வாறு கேட்க முடியாது. தொலைக்காட்சியில் பேசப்பட்ட மரணத்துக்குப் பணம் குவியும். பேசப்படாத மரணத்தின் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கும் எரியாது.

தமிழகக் கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்றொரு சொல் உண்டு. பூசலில் வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். நடுகல் நட்டதோடு கடமை முடிந்தது என்று அக்காலத்துச் சமூகம் இருந்துவிடவில்லை. நிலவுடைமைக் காலத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மன்னர்களுக்கும் தத்தம் நலன்கள் இருந்தன. எனினும், இரத்தத்துக்கு ஈடாக நிலைத்த வாழ்வாதாரம் தரப்பட வேண்டும் என்பதை அன்றைய ஆட்சியாளர்கள்கூட அறிந்திருந்தார்கள். இன்றைய ஆட்சியாளர்கள் நடுகல்லை மட்டும் பிரம்மாண்டமாக எழுப்பிவிட்டுப் பட்டியை நிறுத்திக்கொண்டார்கள்.

போரில் இறந்த, ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கு 1972 முதல் முழுமையாக வழங்கப்பட்டு வந்த கல்விச் சலுகைக்கு, 2017 ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்ததும் இதே அரசுதான். எதிர்ப்பு வலுத்த பின்னரே 2018 மார்ச்சில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015இல் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்த முதிய வீரர்களை, சுதந்திர தினத்துக்கு முதல் நாள் காவல்துறை இழுத்து அப்புறப்படுத்த முயன்றது. அவர்கள் மார்பில் பதக்கங்கள் தொங்கின. போராட்டம் தொடர்ந்ததால்தான் அவ்வாண்டு நவம்பரில் குறைபாடுகளுடனேனும் ஆணை வெளிவந்தது. கேட்காமல் எதுவும் கிடைக்கவில்லை என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

துணை ராணுவம் என்ற மாற்றாந்தாய்ப் பிள்ளை

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்த ஆண்டு தேர்தல் மேடைகளில் அவர்களின் பெயரால் வாக்குக் கேட்கப்பட்டது. ஆனால் 2004 ஜனவரி 1க்குப் பிறகு அப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, அவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் பொருந்தும் என்று 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை ஏற்றுச் செயல்படுத்த வேண்டிய ஒன்றிய அரசு, உச்ச நீதிமன்றம் சென்று தடை பெற்றது. மேடையில் வீரர், வழக்கில் எதிர்த்தரப்பு.

நம்முள் எழும் ஒரு தயக்கம்

நம் தோழர்கள் சிலரிடம் ஒரு கேள்வி உண்டு: ராணுவம் அரசு இயந்திரத்தின் ஒடுக்குமுறைக் கருவி அல்லவா, அதிலுள்ளவர்களின் ஓய்வூதியத்துக்காக நாம் ஏன் பேச வேண்டும்?

கருவி யாருடையது என்பதும், அந்தக் கருவியாக்கப்படும் மனிதர் எங்கிருந்து வருகிறார் என்பதும் வேறு வேறு கேள்விகள். படைவீரர் பெரும்பாலும் சிறு விவசாயியின், கூலித் தொழிலாளியின் பிள்ளை. விளைச்சல் கட்டுப்படியாகாத, ஊரில் வேலை கிடைக்காத வீட்டிலிருந்து நிரந்தரச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பியே அவர் அங்கே செல்கிறார். 2022 ஜூனில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தெருவில் இறங்கியவர்களும், செகந்தராபாத் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானவர்களும் இந்த வீட்டுப் பிள்ளைகளே. தில்லி எல்லைகளில் ஓராண்டு அமர்ந்த விவசாயிகளின் பந்தல்களில் முன்னாள் படைவீரர்களும் அமர்ந்திருந்தார்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் உணவுக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அவர்கள் ஏகாதிபத்தியத்தின் படையினர் என்று சொல்லிக் கம்யூனிஸ்டுகள் ஒதுங்கவில்லை. நகரத் தொழிலாளர்களை ஆதரவாகத் திரட்டினார்கள். அந்த மரபுதான் நம்முடையது.

போர்வெறியை எதிர்ப்பதும் வீரர் குடும்பத்தின் உரிமைக்காகப் பேசுவதும் முரண்பட்டவை அல்ல. போரின் விலையை முதலில் கொடுப்பவர்கள் இந்தக் குடும்பங்களே. அமைதியின் தேவையை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. நாம் அங்கே செல்லாவிட்டால் காவிக்கொடியோடு செல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாலை போடுவார்கள். ஓய்வூதியத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை

2022 இறுதியில் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியின் நான்காண்டுக் காலம் 2026 இறுதியில் முடிவுக்கு வரத் தொடங்குகிறது. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிரந்தரப்படுத்தப்படுவார்கள். மற்றவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமோ கிடையாது. அவர்கள் வந்து சேரப்போவது நாம் பணியாற்றும் ஊர்களுக்கே.

அக்னிபத் திட்டத்தைக் கைவிட்டு முறையான ஆள்சேர்ப்பை மீட்க வேண்டும். பணியில் இறந்த, ஊனமுற்ற அக்னிவீரர் அனைவருக்கும் முன்தேதியிட்டு முழு ஓய்வூதிய உரிமை வழங்க வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படையினருக்குப் பழைய ஓய்வூதியம் வேண்டும். இக்கோரிக்கைகளைக் கிளைக் கூட்டங்களிலிருந்து நாடாளுமன்றம் வரை கொண்டுசெல்ல வேண்டும்.

அதற்கு முன்பே நம்மால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மகனோ கணவனோ எல்லையில் இருக்கும் வீட்டில் நிலத்தகராறு வரும். நீதிமன்ற அழைப்பாணை வரும். படிவம் நிரப்பத் தெரியாமல் உதவித்தொகை நிற்கும். சிறப்பு அல்லது போர்க்கால நிலைமையில் பணியாற்றும் வீரருக்கு எதிரான உரிமையியல் வழக்கை ஒத்திவைக்க 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வழிசெய்கிறது. 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வீரர் குடும்பங்களுக்கான இலவசச் சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. இவற்றை அறியாத குடும்பங்கள் ஏராளம். நம் கிளையின் எல்லைக்குள் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று தோழர்கள் முதலில் கணக்கெடுக்கட்டும். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, என்ன தாள் நிலுவையில் இருக்கிறது என்று கேட்கட்டும்.