பட்டதாரியின் வோட்டு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, நம்மிடம் பள்ளியில் படித்த பையன் ஒருவன் தன் தாயாருடன் நமது வீட்டுக்கு வந்தான். பையன் என்று பழக்கத்தினால் சொல்லுகிறோம். இப்போது அவன் மீசை வைத்த பட்டதாரி. மறைமலை நகரிலிருந்து தினந்தோறும் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் சென்று, மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் பயிற்சி பெற்று வருகிறான். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பட்டப் பத்திரத்தைக் கொண்டு வா என்று ஆலையார் சொல்லிவிட்டார்கள். பரீட்சையில் தேறி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பத்திரம் வந்தபாடில்லை. நாலு முறை லீவு போட்டு, நாலு நாள் சம்பளத்தையும் இழந்து, காரியாலயத்துக்குப் போய் வந்தான். ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் காட்டிற்றாம். அது எந்தச் சர்வகலாசாலை என்பது இங்கே அவசியமில்லை.

"தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு கவுன்சிலரைப் போய்க் கேட்கிறோம். இதற்கு யாரைப் போய்க் கேட்கிறது, ஐயா?" என்றார் அந்தத் தாயார்.

இருபது வருஷமாக உபாத்தியாயராக இருந்துவரும் நமக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில், அந்த அம்மாள் கேட்டது சாமானியமான கேள்வியன்று என்று விளங்கிற்று.

அமெரிக்காவில் மிச்சிகன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் ஒரு கோடி. அங்குள்ள மிச்சிகன் சர்வகலாசாலையை நடத்தும் நிர்வாக சபைக்கு எட்டு அங்கத்தினர்கள். முன்பு அவர்களைக் கவர்னரே நியமித்து வந்தார். 1850ம் வருஷத்து அரசியல் சட்டம் அதை மாற்றி, ஜனங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது. இன்று இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு ஸ்தானங்களுக்கு மாகாணம் முழுவதும் வோட்டெடுப்பு நடக்கிறது. பதவிக் காலம் எட்டு வருஷம். அரசியல் கட்சிகள் தங்கள் மாநாடுகளில் அபேட்சகர்களைத் தேர்ந்து நிறுத்துகின்றன. பட்டதாரிகள் மட்டுமல்ல, பள்ளிக்கூட வாசலை மிதியாத குடியானவரும் வோட்டுப் போடலாம். அவருடைய வரிப்பணமும் அதில் சேர்ந்திருக்கிறதல்லவா?

இந்த ஏற்பாட்டில் குறையில்லை என்று சொல்ல மாட்டோம். வோட்டுச் சீட்டின் அடியில் கிடக்கும் அந்தப் பெயர்களைப் படித்துப் பார்ப்பவர் கொஞ்சம். கட்சியின் பெயரைப் பார்த்துப் போடுபவரே அதிகம். ஆயினும் வேளை வந்தபோது அந்த முறை பயன்படாமற் போகவில்லை. அதே மாகாணத்தில், அதே விதமாகத் தேர்ந்தெடுக்கப்படும் சபையையுடைய மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில், வைத்தியர் ஒருவர் பல பெண்களுக்கு இழைத்த கொடுமை அம்பலமாயிற்று. 2018ம் வருஷம் சர்வகலாசாலை 50 கோடி டாலர் நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. அதன் தலைவி ராஜிநாமாச் செய்தார். அவ்வருஷம் பதவிக் காலம் முடிந்த அங்கத்தினர் இருவரும் மறுபடி தேர்தலுக்கு நிற்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அங்கே ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

நமது நாட்டின் கதை என்ன? 1857ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. 1904ல் கர்ஸான் பிரபு கொண்டுவந்த சட்டத்தின்படி, அதிகமாய்ப் போனால் நூறு பேர் கொண்ட ஸெனட்டில் தேர்தல் மூலம் வரக்கூடியவர்கள் இருபதே பேர். மற்றவர்கள் மேலிடத்தின் நியமனம். கல்வியைச் சர்க்காரின் கைக்குள் அடக்கும் தந்திரம் இது என்று அக்காலத்துத் தேசபக்தர்கள் கண்டித்தார்கள். 1923ம் வருஷத்துச் சென்னைச் சர்வகலாசாலைச் சட்டமோ, பதிவு பெற்ற பட்டதாரிகள் தங்கள் பிரதிநிதிகளை ஸெனட்டுக்கு அனுப்பும் உரிமையை நிலைநாட்டிற்று. சட்டசபையிலும் அந்நாளில் சர்வகலாசாலைக்குத் தனித் தொகுதி உண்டு. 1920களில் ஸ்ரீ சத்தியமூர்த்தி அத்தொகுதியின் பிரதிநிதியாகச் சட்டசபையில் முழங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு மேல்சபையில் பட்டதாரிகளுக்கு ஸ்தானம் இருந்தது. 1986ல் மேல்சபை எடுபட்டதும் அந்த வாசல் அடைபட்டது. மிஞ்சியது ஸெனட் வாசல்.

அது சிறு வாசலன்று. சென்னைச் சர்வகலாசாலையில் வைஸ்-சான்ஸலர் பதவிக்குத் தகுந்தவர்களைத் தேடும் மூவர் குழுவில், ஒருவரை ஸெனட்டும், ஒருவரைச் சிண்டிகேட்டும், ஒருவரைச் சான்ஸலராகிய கவர்னரும் நியமிப்பது வழக்கம். ஆகவே பட்டதாரியின் வோட்டு, சுற்றி வளைத்தாவது வைஸ்-சான்ஸலரின் நாற்காலி வரையில் போய்ச் சேருகிறது.

அந்த நாற்காலியைப் பற்றி நடந்த சண்டையை வாசகர்கள் அறிவார்கள். 2022ல் நமது சட்டசபை, வைஸ்-சான்ஸலரை நியமிக்கும் அதிகாரத்தைக் கவர்னரிடமிருந்து சர்க்காருக்கு மாற்ற மசோதாக்களை நிறைவேற்றியது. 2023ல், தேடும் குழுவில் யு.ஜி.ஸி.யின் பிரதிநிதி ஒருவரும் வேண்டும் என்றார் கவர்னர். வேண்டாம் என்றது சர்க்கார். 2025 ஏப்ரல் 8ந் தேதி, நிறுத்தி வைக்கப்பட்ட பத்து மசோதாக்கள் அங்கீகாரம் பெற்றவையாகும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறு மாதமே, நியமன அதிகாரம் பற்றிய ஷரத்துக்களுக்குச் சென்னை ஹைகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. கவர்னர் தரப்பு வக்கீல்கள் வாதித்தார்கள். சர்க்கார் தரப்பு வக்கீல்களும் வாதித்தார்கள். இருவருக்கும் நடுவே, சர்வகலாசாலையின் சொந்தப் பிள்ளையாகிய பட்டதாரியின் குரல் மட்டும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் சம்பந்திகள் இருவரும் சண்டையிட, பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்காதது போலாயிற்று.

கலாசாலையில் கட்சி புகலாமா என்று சில பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் நியமனத்தில் கட்சி புகுவதில்லை என்று யாராவது மார்தட்டிச் சொல்ல முடியுமா? கொல்லைப்புறமாக வருகிறவனைவிட வாசல் வழியாக வருகிறவன் மேல். வாசல் வழியாக வந்தவனுடைய முகம் நமக்குத் தெரியும்; அடுத்த முறை வேண்டாம் என்று கதவைச் சாத்தவும் முடியும். அதற்கு முதலில் நாம் வாசலில் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் மறுநாள் அந்தப் பையனிடம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னோம். விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, பட்டதாரிகள் ஜாபிதாவில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், தேர்தல் வந்தால் நிற்கிறவர்களிடம், "பட்டப் பத்திரம் எத்தனை நாளில் தருவீர்கள்?" என்று கேட்க வேண்டும் என்று உபதேசம் செய்தோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, தாங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்றான்.

பட்டம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அங்கி தரித்துப் பிடித்த படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பெயரைப் பதிவு செய்யத்தான் தோன்றவில்லை. பரீட்சையில் திடீரென்று கேள்வி கேட்கப்பட்ட மாணவனைப் போல் விழித்தோம்.

பத்திரத்துக்கு விடுமுறையில் நாமும் அவனோடு போய்க் கேட்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் நமது சொந்த விண்ணப்பத்தை எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறோம். வீட்டில் பட்டப் படம் மாட்டியிருக்கும் வாசகர்கள், அதை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாங்களும் ஒரு தாளை எடுப்பார்களாக.