மொட்டை அடிப்பது கவாத்து அல்ல!



ஐப்பசி பிறக்கும். வானம் கறுக்கும். ஒரு நாள் காலையில் உங்கள் தெருவுக்கு ஏணி வண்டி வரும். மத்தியானத்துக்குள் வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி எல்லாம் கிளையும் இலையும் போய், நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கும். சாயங்காலம் "மழைக்கால முன்னெச்சரிக்கை நடவடிக்கை" என்று படத்தோடு பதிவு வரும். நாமும் ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

அந்த லைக்கைப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்லித்தான் இந்தப் பதிவு. அது முன்னெச்சரிக்கை இல்லை. இன்னும் சில வருஷத்தில் ஒடிந்து விழப்போகிற கிளைகளை இன்றைக்கே தயார் பண்ணி வைக்கிற வேலை.

இப்போது ஆடி மாதம். சரியாகச் செய்ய இன்னும் காலம் இருக்கு. அதனால்தான் இப்பவே பேசுகிறோம்.

மரம் வெட்டுறதுல என்னங்க அரசியல்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் மே மாத மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்கட்டும். ஏசி அறையில் இருப்பவருக்குத் தெருமரம் ஒரு அழகு. இளநீர் வண்டிக்காரருக்கு, இஸ்திரி போடுகிற அக்காவுக்கு, செருப்புத் தைக்கிற பெரியவருக்கு, ஆட்டோ ஸ்டாண்ட் தோழர்களுக்கு, விடியற்காலையில் இருந்து தெருவைக் கூட்டிவிட்டு உட்கார இடம் தேடுகிற தூய்மைப் பணியாளருக்கு அதுதான் கூரை. அந்தக் கூரையைப் பிரிக்கும்போது யாரைக் கேட்டோம்? யாரையும் கேட்கவில்லை. யாரைக் கேட்காமல் முடிவு எடுக்கிறார்கள் என்பதுதானே அரசியல்?

"ஒரு கிளையையும் தொடாதே" என்பதும் சரியில்லை

மரத்தின் மேல் பாசம் உள்ள பல நண்பர்கள் அரிவாளைப் பார்த்தாலே பதறுகிறார்கள். பாசம் புரியுது. ஆனால் தெருவில் நிற்கிற மரம் காட்டு மரம் இல்லை. அதன் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள், மேலே மின்கம்பி போகிறது. காய்ந்த கிளை காற்றில்லாத நாளிலும் விழும். விழுந்தால் உயிர் போகும்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவற்றில் குல்மோகரும் மஞ்சள் பூ பூக்கிற பெல்டோபோரமும் ஏராளம். வெளியிலிருந்து வந்து, சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் ஒடிகிற மரங்கள். ஆனால் மரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்தோம். அடிமரம் வரைக்கும் கான்கிரீட் பூசினோம். கம்பி போகிற பக்கத்துக் கிளையை மட்டும் வெட்டி, மறுபக்கம் பாரத்தை விட்டோம். ஒரு காலை ஒடித்து, ஒரு தோளில் மூட்டையை ஏற்றிவிட்டு, "ஏன்டா விழுந்தே?" என்று கேட்கிற கதைதான்.

2011 தானே புயலில் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் போனது. 2018 கஜாவில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் படுத்தன. அப்படிப்பட்ட காற்றில் எந்தக் கவாத்தும் எல்லா மரத்தையும் காப்பாற்றாது. ஆனால் வருஷா வருஷம் வருகிற சாதாரண மழைக்காற்றுக்கே கிளை முறிந்து விழுகிறதே, அதில் பெரும்பகுதி நாம் தடுக்கக்கூடியது.

ஆக, கேள்வி வெட்டலாமா வேண்டாமா என்பது இல்லை. எப்போ, எப்படி, யார் வெட்டுவது என்பதுதான்.

எப்போ?

இதை நம் விவசாயிகிட்ட கேளுங்கள். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர் நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்வார். மாந்தோப்புக்காரர் காய் இறக்கி முடித்த பிறகுதான் கிளையில் கை வைப்பார். பூவும் காயும் அவருக்குச் சோறு போடுகிறது, அதனால் காலம் தப்ப மாட்டார். தெருமரம் யாருக்கும் காசு தருவதில்லை, அதனால் டெண்டர் எப்போ முடியுதோ அப்போ வெட்டு!

குளிர்நாட்டுப் புத்தகங்கள் "இலை உதிர்ந்த பனிக்காலத்தில் வெட்டு" என்று சொல்லும். நமக்குப் பனிக்காலம் ஏது? நமக்கு இருப்பது வெயிலும் மழையும். கணக்கும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கணும்.

தை, மாசி: பெரிய வேலைக்கு ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காற்று காய்ந்திருக்கும். பங்குனியில் வேம்பும் புங்கையும் புதுத் துளிர் விடும். துளிர் விடுகிற வேகத்தில் மரம் தன் காயத்தையும் மூட ஆரம்பிக்கும். வெயில் ஏறுவதற்குள் நிழலும் திரும்ப வந்துவிடும்.

பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரை: ஆபத்தான கிளை தவிர வேறெதையும் தொடக் கூடாது. நிழலிலேயே இருந்த பட்டை திடீரென்று அக்னி நட்சத்திர வெயிலில் பட்டால் வெந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் பூச்சியும் பூஞ்சையும் குடியேறும். மக்களுக்கும் நிழல் மிக அதிகமாகத் தேவைப்படுகிற காலம் அதுதான்.

ஆடி, ஆவணி: மழைக்கு முந்தைய சோதனைக் காலம். காய்ந்தது, விரிசல் விட்டது, அளவுக்கு மீறிப் பாரம் ஏறியது, கம்பியை உரசுவது, இவற்றை மட்டும் பார்த்து எடுக்கணும். மழை பிடிப்பதற்குள் காயம் மூடத் தொடங்க அவகாசம் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை: முறிந்து தொங்குவதை எடுப்பது தவிர வேறு வேலை வேண்டாம். ஈரத்தில் திறந்த காயம் அழுகலுக்கு வாசல். நம் ஊரில் வண்டி வருவதோ சரியாக இந்த மாதத்தில்!

எந்தக் காலமானாலும் கிளையில் குருவிக்கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்கணும்.

எப்படி?

முதலில் ஒரு உண்மை. நம் கையில் பட்ட காயம் ஆறும், தோல் புதுசாக வரும். மரத்துக்கு அப்படி இல்லை. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி, வெளியே மூடி விடுகிறது. வெட்டிய இடம் கடைசி வரைக்கும் உள்ளே இருக்கும். அதனால் வெட்டு சின்னதாக, சரியான இடத்தில் இருக்கணும்.

சரியான இடம் எது? கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தைப் பாருங்கள், மோதிரம் மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். மூடுகிற வேலையைச் செய்வது அந்தத் தடிப்புதான். அதையும் சேர்த்து வழவழவென்று செதுக்கினால் மரத்தால் மூட முடியாது. ஒரு அடிக்குக் கட்டையை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை காய்ந்து, அழுகல் அது வழியாக உள்ளே இறங்கும். தடிப்பை விட்டு, அதை ஒட்டி வெட்டணும்.

கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குக் கொஞ்சம் வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையைத் தடிப்பை ஒட்டி எடுப்பது மூன்றாவது. ஒரே வெட்டாக மேலிருந்து போட்டால், கிளை விழுகிற பாரத்தில் அடிமரத்துப் பட்டை வாழைநார் மாதிரி உரிந்துகொண்டு வரும். நீங்கள் தினமும் பார்க்கிற தெருமரங்களில் அந்தத் தழும்பைத் தேடிப் பாருங்கள், கட்டாயம் கிடைக்கும்.

பொதுவாக ஒரு வருஷத்தில் கால்வாசி இலைக்கு மேல் எடுக்கக் கூடாது. இலைதான் மரத்தின் அடுப்படி. அடுப்படியை இடித்துவிட்டால் வேருக்குச் சோறு எங்கிருந்து போகும்? பட்டினி கிடக்கிற வேர் எப்படி மண்ணைப் பிடிக்கும்?

உச்சியை மொட்டை அடிப்பதன் பெரிய ஆபத்து இனிமேல்தான். மொட்டையான மரம் பதறிப்போய் வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் குச்சிகளை விடும். பார்க்கப் பச்சையாக இருக்கும். "பாருங்க, துளிர்த்துடுச்சு" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அவை மரத்தின் உள்ளிருந்து வளர்ந்த கிளைகள் இல்லை, மேல் பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. அடியில் வெட்டிய கட்டை அழுகிக்கொண்டிருக்கும், மேலே குச்சி கிளையாகிக் கனத்துக்கொண்டிருக்கும். சில வருஷம் கழித்து ஒரு சாதாரண மழைக்காற்றில் ஒடிந்து விழுவது அதுதான். அப்போது மறுபடி ஏணி வண்டி, மறுபடி மொட்டை, மறுபடி பில்.

வெட்டிய இடத்தில் தார் பூசுவது, பெயின்ட் அடிப்பது? தேவையில்லை. பல நேரம் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. நட்டு மூன்று நான்கு வருஷத்தில், இரண்டாகப் பிரிகிற தண்டை ஒன்றாக்கி, தாழ்ந்த குச்சிகளை மெல்ல எடுத்துவிட்டால் போதும். ஒரு கைக்கத்தரிக்கோல் வேலை. அன்றைக்கு அதைச் செய்யாததால்தான் இருபது வருஷம் கழித்து கிரேன் தேவைப்படுகிறது. கன்று நடுகிற அன்று மேடை, மைக், பொன்னாடை எல்லாம் இருக்கு. மூன்றாவது வருஷம் அந்தக் கன்றைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறாரா?

முடியாது என்று சொல்பவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்டுங்கள். நம்மைவிட அதிக மழை. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருகிற சாலையில் வரிசையாகக் குடை பிடிப்பது நம் ஊர் தூங்குமூஞ்சியேதான். அங்கே பயிற்சி பெற்றவர்கள் குறித்த இடைவெளியில் ஒவ்வொரு மரத்தையும் பார்க்கிறார்கள். அதே மரம்தான், கவனிப்புதான் வேறு.

ஏணி மேல் நிற்பவர் நம் ஆள்

இதைப் படித்துவிட்டு யாரும் வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், தோழர்களே. அவருக்கு யாரும் மூன்று வெட்டு சொல்லித்தரவில்லை. தலைக்கவசம் இல்லை, இடுப்புக் கயிறு இல்லை. பக்கத்திலேயே 11 ஆயிரம் வோல்ட் கம்பி. மின்சாரம் நிறுத்தியாச்சா என்று கேட்கக்கூட அவருக்கு உரிமை இல்லை. எத்தனை மரம் முடித்தாய் என்று மட்டும் கேட்டால், அவர் சீக்கிரம் முடிகிற வழியில்தான் வெட்டுவார். கேள்வி கேட்க வேண்டியது ஒப்பந்தத்தை எழுதியவரை.

நாம் கேட்க வேண்டியவை

1. ஒவ்வொரு வார்டிலும் எந்தத் தெருவில், எந்த மாதம், எந்த மரம் என்று வருஷ அட்டவணை போட்டு முன்கூட்டியே ஒட்ட வேண்டும்.

2. தோட்டக்கலை தெரிந்த ஒருவர் மேற்பார்வையில்லாமல் ரம்பம் ஓடக் கூடாது. தொழிலாளிக்குப் பயிற்சியும் பாதுகாப்பு உபகரணமும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

3. உச்சி மொட்டை அடித்தால் பில் பாஸ் ஆகக் கூடாது.

4. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட வேண்டும். டெல்லி வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே சொன்ன அளவு இது.

5. மின்கம்பிக்குக் கீழே இனி தூங்குமூஞ்சி நடாதீர்கள். மந்தாரை, பவழமல்லி போன்ற சின்ன மரம் போதும்.

6. பொது இடத்து மரத்தை அடியோடு வெட்டுவது என்றால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள். சென்னையில் காய்ந்து தொங்கும் கிளையைப் பார்த்தால் 1913க்குப் புகார் கொடுத்து எண்ணை வாங்கி வையுங்கள்.

கடைசியாக, நமக்குள்ள ஒரு பேச்சு

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நாம் மரத்தில் ஆணி அடிக்க முடியாது. தலைவர் வருகிறார் என்று பேனர் தெரிவதற்காகக் கிளையை வெட்டுவது, கொடிக்கயிற்றை அடிமரத்தில் இறுக்கிக் கட்டி அப்படியே விட்டுவிட்டுப் போவது, சீரியல் லைட் சுற்றுவது, போஸ்டர் பலகையை ஆணி அடித்து மாட்டுவது. எந்தக் கட்சி செய்தாலும் தப்பு, நம் கட்சிக்காரர் செய்தால் அதைவிடத் தப்பு. இறுகின கயிறு சில வருஷத்தில் பட்டைக்குள் புதைந்து மரத்தின் கழுத்தை நெரித்துவிடும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிளைச் செயலாளரும் நாலு தோழர்களும் சேர்ந்து உங்கள் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வாருங்கள். எத்தனை மரம், எதில் ஆணி, எதில் கயிறு, எங்கே காய்ந்த கிளை, எங்கே கான்கிரீட் என்று எழுதுங்கள். ஆணியையும் கயிற்றையும் அன்றைக்கே எடுத்துவிடலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மற்றதை எழுத்து மூலமாக வார்டு அலுவலகத்தில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகல் வாங்குங்கள்.

ஐப்பசியில் வண்டி வரும்போது கையில் அந்த நகலோடு நாம் தெருவில் நிற்கணும். "அண்ணே, இந்த மரத்துல இந்த ரெண்டு கிளை மட்டும்தான்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால், அந்தத் தெருவுக்கு அடுத்த சித்திரையிலும் நிழல் இருக்கும்.

உங்கள் தெருவின் பட்டியலைக் கமெண்டில் போடுங்கள். பகிருங்கள்.

#மொட்டைவேண்டாம் #கவாத்துவேண்டும்