ஒரு ரூபாய் என்றால் எந்த ரூபாய்?

அம்மையார்குப்பம் கடைவீதியில் ஒருவர் பழைய ஆர்கேட் வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசு போடும் கதவின் பூட்டு உடைந்திருக்கும் (முதலில் நெம்புவது அதைத்தானே!). வேறு கதவு மாட்டுவது பெரிய வேலை இல்லை. பெட்டியில் வெட்டிய துளையை அளந்து, பொருந்துகிற கதவாக வாங்கி முடுக்கினால் முடிந்தது.

தலைவலி காசில்தான். அமெரிக்கக் கதவு பெரும்பாலும் 24.26 மி.மீ. கால் டாலருக்குச் செய்தது. இரும்பு வில்லை போட்டு ஏமாற்றுவோரைத் தடுக்க உள்ளே ஒரு காந்தம் வேறு. நம் ஒரு ரூபாயோ 1992இலிருந்து காந்தத்தில் ஒட்டும் எஃகு. அந்தக் கதவுக்கு நம் ரூபாயே கள்ளக்காசு!

ரூபாய்க்கென்றே ஒன்று மாட்டலாமே? எந்த ரூபாய்க்கு? 1992இல் 25 மி.மீ., 2011இல் 22, 2019இல் 20. மூன்றும் இன்றும் செல்லும். இதைவிடக் கொடுமை, 2011இல் வந்த இரண்டு ரூபாயும் அந்தப் பழைய ஒரு ரூபாயும் ஒரே அளவு, ஒரே எடை: 25 மி.மீ., 4.85 கிராம். இரண்டு ரூபாய் போட்ட பையனுக்கும் ஒரு ஆட்டம்தான். மீதி ஒரு ரூபாயை யார் கொடுப்பது?

டோக்கன்தான் சரி. மாதிரி வில்லை ஒன்றை உள்ளே வைத்து, விழுவதை அதோடு ஒப்பிடும் மின்னணுக் கருவி கிடைக்கிறது. அதற்கு வேண்டிய 12 வோல்ட் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். டோக்கனில் காசு போட்டு ஆடும் சுகம் இல்லை என்பார்கள். திருத்தணி ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு ரூபாய் சில்லறைக்கு அலைந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.