பள்ளியில் அடிபட்டால் சம்பளம் யார் தருவார்? ‘மெடிக்கல் லீவ்’ எழுதிக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்!

ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. மழைக்கால காலை. மாடியிலுள்ள வகுப்புக்குப் போகும் அறிவியல் ஆசிரியை ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுகிறார். கணுக்காலில் எலும்பு முறிவு. இரண்டு மாதம் நடக்கக் கூடாது என்கிறார் டாக்டர். மறுநாள் பள்ளி அலுவலகத்திலிருந்து போன்: “மிஸ், ரெண்டு மாசம் மெடிக்கல் லீவ் எழுதிக் கொடுத்துடுங்க, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்.”

கேட்க அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரியில் பல ஆயிரம் ரூபாய் போய்விடும். சில நேரம் ஆயுள் முழுக்க வரவேண்டிய மாதத் தொகையும் போய்விடும். எப்படி?

நோய் வேறு, பணியிடக் காயம் வேறு

தனியார் பள்ளி ஊழியர்களுக்கு முதல் பாதுகாப்பு இஎஸ்ஐ. கல்வி நிறுவனங்களை இதற்குள் கொண்டுவரும் அரசாணையைத் தமிழக அரசு 2010 நவம்பரில் போட்டது. ‘பள்ளி என்ன தொழிற்சாலையா?’ என்று நிர்வாகங்கள் நீதிமன்றம் போயின. பத்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசாணை செல்லும் என்றது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இதில் வருவார்கள். ஆசிரியர், கிளார்க், ஆயாம்மா என்ற வித்தியாசம் கிடையாது. சம்பளத்தில் 0.75 சதவீதம் ஊழியர் பங்கு, 3.25 சதவீதம் நிர்வாகத்தின் பங்கு.

காய்ச்சல், டைபாய்டு மாதிரி நோய்க்கு லீவ் போட்டால் இஎஸ்ஐ தருவது ‘நோய்க்கால உதவி’. தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்கு முன்பு குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை காரணமாக அடிபட்டால் கிடைப்பது ‘தற்காலிக ஊன உதவி’. இது 90 சதவீதம். இவ்வளவு நாள்தான் என்ற உச்சவரம்பு இல்லை, டாக்டர் சான்று தரும்வரை வரும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் உண்டு.

நம் ஆசிரியைக்குச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு சுமார் 500 ரூபாய். 60 நாளுக்கு நோய்க் கணக்கில் 21,000 ரூபாய், காயக் கணக்கில் 27,000. வித்தியாசம் 6,000 ரூபாய்தானே என்று தோன்றலாம். பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எலும்பு சரியாகக் கூடாமல் கால் ஊனமாகிவிட்டால், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் சதவீதப்படி மாதாமாதம் நிரந்தர ஊன உதவி வரவேண்டும். ஆவணத்தில் விபத்தே நடக்கவில்லை, வெறும் ‘மெடிக்கல் லீவ்’தான் என்று இருந்தால், இந்தத் தொகையைக் கேட்டுப் போய் நிற்கவே முடியாமல் போகலாம்.

வழியில் விழுந்தால்?

ஸ்கூட்டியில் பள்ளிக்கு வரும் வழியில் அடிபட்டாலும் இதே உரிமை உண்டு. பயணத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நேரம், இடம், சூழ்நிலையை வைத்துக் காட்ட வேண்டும். இஎஸ்ஐ சட்டத்தில் இதற்கான பிரிவு 2010-லேயே சேர்க்கப்பட்டது. இரவுப் பணிக்குப் போகும் வழியில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், இழப்பீட்டுச் சட்டத்தையும் இதே மாதிரிதான் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதை எழுத்திலேயே சொல்கிறது. ஆனால் ஸ்கூல் விட்டதும் தோழி வீட்டுக்குப் போய்விட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பும்போது விழுந்தால் கதை வேறு.

வேன் டிரைவருக்கு என்ன?

இஎஸ்ஐ-க்கு 10 பேர் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். நாலு வேன் வைத்து பள்ளிக்கு ஓட்டும் ஒப்பந்தக்காரரிடம் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். அங்கே கைகொடுப்பது 1923-லிருந்து இருந்துவரும் இழப்பீட்டு முறை. இப்போது புதிய தொகுப்புக்குள் போய்விட்டாலும் கணக்கு பழையதுதான். 40 வயது டிரைவர், சம்பளம் 15,000. முழு நிரந்தர ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தை, அதாவது 9,000 ரூபாயை, வயதுக்கான காரணி 184.17-ஆல் பெருக்க வேண்டும். வருவது 16,57,530 ரூபாய். கட்டை விரல் போனால் 30 சதவீத இழப்பு என்று அட்டவணை சொல்கிறது. அதன்படி 4,97,259 ரூபாய். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாவிட்டால் பாதிச் சம்பளம், 15 நாளுக்கு ஒருமுறை.

அரசுப் பள்ளி என்றால்?

இங்கே நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. பணியின்போது ஏற்படும் காயத்துக்கு, அடிப்படை விதிகளின் 83-வது விதிப்படி ‘சிறப்பு ஊன விடுப்பு’ 24 மாதம் வரை உண்டு. முதலில் முழுச் சம்பளம், பிறகு பாதி. சொந்தக் கணக்கிலுள்ள ஈட்டிய விடுப்பைத் தொட வேண்டியதில்லை. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் பாதிப்பு வெளிப்பட்டிருக்க வேண்டும், தாமதமில்லாமல் தகவலும் சொல்லியிருக்க வேண்டும். இந்த விடுப்பு இருப்பதே பல ஸ்டாஃப் ரூம்களில் தெரியாது என்பது தனிச் சோகம்.

பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும். சட்டத்தின் வரையறைப்படி அரசு உதவி பெறும் அமைப்புகளும் இதற்குள் வருவதால், உதவி பெறும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

சிக்கல் சமையலறையில்தான். சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் எல்லோரும் சிறப்பு காலமுறை ஊதியத்தில் இருப்பவர்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பெரும்பாலும் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். கொதிக்கும் சாம்பார் அண்டா காலில் கவிழ்ந்தால், அந்தப் பெண்ணின் ‘முதலாளி’ யார்? பள்ளியா, குழுவா, உள்ளாட்சியா? குழந்தைகளின் தட்டுக்குத் தினமும் கணக்கு வைத்திருக்கும் அரசு, இந்தக் கேள்விக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பதுதான் நியாயம்.

22,000 வாங்கும் மிஸ்

இப்போது முதல் ஆசிரியையிடம் திரும்புவோம். அவர் சம்பளம் 15,000 இல்லை, 22,000 என்றால்? வரம்பைத் தாண்டிவிட்டதால் இஎஸ்ஐ இல்லை. சரி, இழப்பீட்டு முறைக்குப் போகலாம் என்றால், அதற்குத் தகுதியுள்ள வேலைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. டிரைவர் அதில் இருக்கிறார். பாடம் நடத்தும் ஆசிரியர் இல்லை. ஆக, சம்பளம் 1,000 ரூபாய் கூடுதலாக வந்ததால் சட்டப்படியான காயகால ஊதியம் பூஜ்யம்! மிச்சமிருப்பது நிர்வாகத்தின் மனசும் சொந்த இன்சூரன்ஸும்தான்.

21,000 என்ற வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அதன் பிறகு வாடகை, பஸ் டிக்கெட், பால் பாக்கெட் எல்லாம் எங்கேயோ போய்விட்டன, வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆசிரியரைச் சட்டம் மறந்ததும் இது முதல் முறை இல்லை. பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. 2009-ல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, 1997-லிருந்தே செல்லும் என்றது. அதை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கு 2022-ல்தான் தள்ளுபடியானது. பணிக்கொடைக்குச் செய்ததை விபத்து இழப்பீட்டுக்கும் செய்ய முடியும். வரம்பை உயர்த்தலாம், அல்லது பட்டியலில் ஆசிரியரைச் சேர்க்கலாம். இரண்டுமே செய்யாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அரசுப் பள்ளி ஊழியருக்குப் பணியிட விபத்து என்றால் குறைந்தது 60 வேலை நாள் தனி விடுப்பு உண்டு. மெடிக்கல் லீவ் கணக்கில் கை வைக்காமலேயே முழுச் சம்பளம் வரும். ஆசிரியருக்கு ஒரு பிரிவு, மற்ற ஊழியர்களுக்கு இன்னொரு பிரிவு என மாகாணக் கல்விச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

அடிபட்ட அன்றே நேரம், இடம், பார்த்தவர் பெயரோடு பள்ளிக்கு எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் என்றாலும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இஎஸ்ஐ-யில் இருப்பவர் என்றால், விபத்து அறிக்கையை நிர்வாகம் அனுப்பியதா என்று கேளுங்கள். மருத்துவமனையில் “வீட்டில் விழுந்துட்டேன்” என்று சொல்லாதீர்கள், அந்தச் சீட்டுதான் பிறகு சாட்சி. இன்க்ரிமென்ட்டால் 21,000-ஐத் தாண்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூனில் சம்பளம் உயர்ந்தால், அந்தச் சந்தா காலம் முடியும் செப்டம்பர் வரை இஎஸ்ஐ பாதுகாப்பு தொடரும். டிரைவர் போன்றவர்கள் இழப்பீடு கோர விபத்திலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.